கம்ப்யூட்டர் இருக்கிறது, நூலகர் நாற்காலி காலி!

"புத்தகத்தை எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வாங்கி அலமாரியில் வைக்கவும் ஒரு படிப்பா? அதுவும் இரண்டு வருஷமா?"

நூலக இயல் படிக்கும் பிள்ளைகள் கல்யாண வீட்டிலும் ரயில் பயணத்திலும் தவறாமல் சந்திக்கும் கேள்வி இது. இப்போது அதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "எல்லாம்தான் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, இனிமேல் லைப்ரரியன் எதற்கு?" என்கிறார்கள்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடிப் பெங்களூர்த் தமிழர்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. மைசூர் ரோடில் எட்டாவது மைலில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வளாகம் இருக்கிறது. அதற்குள்ளே ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இயங்குகிறது. நூலகத் துறையில் எல்லோரும் அதை டி.ஆர்.டி.சி. என்றே சொல்வார்கள். 1962-ல் அதைத் தொடங்கியவர் சீர்காழியில் பிறந்த ஒரு தமிழர். இந்திய நூலக இயலின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன்தான் அவர்.

கணக்கு வாத்தியார் கண்ட வழி

1892-ல் பிறந்த ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். ஆரம்பத்தில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. வருவோர் போவோர் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பதைவிட வகுப்பறைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். பயிற்சிக்காக லண்டன் போய், அங்கே சாதாரண மக்கள் நூல் நிலையங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்ணால் கண்ட பிறகு மனம் மாறியது.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில இரும்புப் பட்டைகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மைகள் உருவாகும். புத்தகங்களுக்கு எண் கொடுப்பதையும் இப்படிச் செய்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை. ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளும் முறை இது. இன்று கைப்பேசியில் புடவை வாங்குகிறவர்கள் நிறம், விலை, துணி, ஊர் என்று தனித்தனியாகத் தட்டித் தேடுகிறார்களே, அதற்குள் இருக்கும் எண்ணமும் இதுதான்.

ரங்கநாதன் 1957 முதல் பெங்களூரில் வாழ்ந்து, 1972 செப்டம்பர் 27-ஆம் தேதி இங்கேயே காலமானார். ஆகஸ்ட் 12-ஆம் தேதியை நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவாகத்தான்.

மாணவரின் ஒரு நாள்

டி.ஆர்.டி.சி.யில் இரண்டு ஆண்டு எம்.எஸ். படிப்பு நடக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். தமிழ் இலக்கியம் படித்தவரும் பௌதிகம் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்காருவது இங்கே சகஜம். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்திலும் நூலக இயல் துறை உண்டு.

இந்தப் படிப்பில் காலை வேளை பெரும்பாலும் பகுப்பு, பட்டியல் ஆகிய பாடங்களுக்குப் போய்விடும். ஒரு புத்தகத் தலைப்பைக் கொடுத்து எண் போடச் சொல்வார்கள். கேட்பதற்கு எளிது; போடும்போதுதான் கஷ்டம் தெரியும். "கர்நாடகத்தில் பட்டுப் புழு வளர்ப்போரின் கடன் சுமை" என்று ஒரு நூல் இருந்தால் அதை விவசாயத்தில் வைப்பதா, பொருளாதாரத்தில் வைப்பதா? தவறான இடத்தில் வைத்துவிட்டால் அந்தப் புத்தகம் தொலைந்ததற்குச் சமம். அலமாரியில் இருக்கும், கேட்டு வந்தவர் கையில் மட்டும் போய்ச் சேராது.

பிற்பகல் கம்ப்யூட்டர் முன்னால் கழியும். மார்க் என்ற அமைப்பில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பதிவு எழுத வேண்டும். ஆசிரியர் பெயர் 100-ஆம் எண்ணில், தலைப்பு 245-ஆம் எண்ணில், பொருள் 650-ஆம் எண்ணில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1960-களில் உருவான இந்த அமைப்பு, சில மாறுதல்களுடன் இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவில் விடுதி அறையில் நெட் தேர்வுக்கான தயாரிப்பு. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உதவி நூலகராக நுழைவதற்கு முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். அதோடு நெட் அல்லது அதற்கு இணையான மாநிலத் தேர்விலும் தேற வேண்டும். உறவினர்கள் கேலி செய்யும் இந்த வேலைக்குக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு உள்ளதைப் போன்ற தகுதி கேட்கிறார்கள்!

எண்ணிலும் ஓர் அரசியல்

நூலக அரசியல் என்றதும் சங்கத் தேர்தலும் இடமாற்ற உத்தரவும்தான் நினைவுக்கு வரும். மாணவர்களோ அதை முதலில் சந்திப்பது பகுப்பு எண்ணில்தான்.

இந்திய நூலகங்கள் பலவற்றில் புழங்குவது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற மூன்று இலக்கம் போதும். இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உள்ள தமிழ் இலக்கியத்துக்கோ 894.811. அண்டை வீட்டுக் கன்னடத்துக்கு 894.814. மதங்களின் கதையும் இப்படித்தான். கிறிஸ்தவத்துக்கு 220 முதல் 280 வரை விசாலமான இடம். உலகின் மற்றச் சமயங்களெல்லாம் 290-க்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. இந்து சமயம் 294.5-ல் ஒதுங்கியிருக்கிறது.

யாரோ வேண்டுமென்று செய்த சதி அல்ல இது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அலமாரியில் எந்தப் புத்தகங்கள் அதிகமோ, அவற்றுக்கு அதிக இடம் கிடைத்தது. ரங்கநாதனின் கோலன் முறையில் இலக்கியத்துக்கு ஓர் எழுத்து, தமிழுக்கு இரண்டு இலக்கம், அவ்வளவுதான். இருந்தும் அந்த முறை அது பிறந்த நாட்டிலேயே அதிகம் பரவவில்லை. புது எண்களைத் தொடர்ந்து சேர்த்து வெளியிடப் பலமான அமைப்பு வேண்டும். டூயி முறைக்கு அது இருந்தது. கோலனுக்குப் போதிய அளவில் அமையவில்லை. நல்ல யோசனை மட்டும் இருந்தால் போதாது, அதைக் காப்பாற்ற ஆளும் பணமும் வேண்டும் என்பது மாணவர் கற்கும் முதல் பாடம்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழ்ப் பெயர்களைப் பட்டியலில் ஏற்றுவதும் தனிக் கலை. ரங்கநாதன் பெயரையே பாருங்கள். சீர்காழி என்ற ஊர்ப் பெயரும் ராமாமிர்தம் என்ற தந்தை பெயரும் முன்னே நிற்கின்றன. கடைசியில் வருவதுதான் அவருடைய சொந்தப் பெயர். ஐரோப்பியருக்கோ கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். குடும்பப் பெயரே இல்லாத தமிழரிடம் கம்ப்யூட்டர் படிவம் விடாமல் குடும்பப் பெயர் கேட்கிறது. பாஸ்போர்ட் எடுத்தவர்கள் எல்லோரும் அறிந்த அவஸ்தை இது.

சொந்தப் பெயரில் பதிந்து, ஊரையும் தந்தை பெயரையும் பின்னே எழுத வேண்டும் என்று பட்டியல் விதி இருக்கத்தான் இருக்கிறது. அதை அறியாதவர் பதிவு செய்தால் ஒரே எழுத்தாளர் இரண்டு மூன்று பேராகிவிடுவார். ஆங்கில எழுத்தில் எழுதும்போது இன்னும் மோசம். ஒருவர் "ஜெயகாந்தன்" என்றும், மற்றவர் "ஜயகாந்தன்" என்றும் உச்சரித்து எழுத்துக் கூட்டுவார். "ழ" ஒரு பதிவில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் விழும். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிச் சேர்த்த பட்டியல்கள், யூனிகோடு வந்த பிறகு புதிய கம்ப்யூட்டரில் பார்த்தால் கிறுக்கலாகத் தெரியும். வாசகர் தேடுவார். "இல்லை" என்று திரை சொல்லும். புத்தகமோ பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கும்!

இதைச் சரிசெய்யத் தமிழும் தெரிந்து, பட்டியல் விதியும் தெரிந்த ஒருவர் வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரும் தானாக வந்து இதைச் செய்துவிடாது.

இலவசமாய் வந்த கம்ப்யூட்டர்

நூலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை வேடிக்கையானது. பெரும்பாலும் அது இலவசமாகவே வந்தது. யுனெஸ்கோ நிறுவனம் உருவாக்கிய சி.டி.எஸ்./ஐ.எஸ்.ஐ.எஸ். என்ற மென்பொருள் 1980-களின் நடுவில் சிறிய கம்ப்யூட்டர்களுக்கும் ஏற்றபடி கிடைத்தது. இந்திய நூலகர்கள் பலர் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகியது அதில்தான். 1991-ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்ஃப்ளிப்நெட் திட்டத்தைத் தொடங்கியது. குஜராத்தில் உள்ள அந்த மையம் சோல் என்ற மென்பொருளை உருவாக்கித் தந்தது.

இன்று மாணவர்கள் அதிகம் பழகுவது கோஹா. நியூசிலாந்தில் ஒரு சிறிய ஊர்ப்புற நூலகத்துக்காக 1999-ல் எழுதப்பட்டது இது. அங்குள்ள மவோரி மக்களின் மொழியில் "கோஹா" என்றால் அன்பளிப்பு. பெயருக்கேற்றபடி யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம். கோடி ரூபாய் பட்ஜெட் உள்ள நூலகமும் ஒரு கிராமப் பள்ளியும் ஒரே மென்பொருளை ஓட்ட முடியும்.

ஆகவே "கம்ப்யூட்டருக்குப் பணம் இல்லை" என்ற சாக்கு இப்போது செல்லாது. மென்பொருள் இலவசம், ஆனால் ஐம்பதாயிரம் புத்தகங்களின் பதிவைப் பிழையில்லாமல் ஏற்றும் கைகளுக்குச் சம்பளம் தர வேண்டும். அங்கேதான் நிர்வாகங்கள் தயங்குகின்றன.

2022-ன் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு நூலகர்களுக்குப் புதிய வேலை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் அந்தக் கருவி, சில சமயம் உலகத்திலேயே இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுத்துவிடும். அந்தச் சீட்டுடன் வந்து "இந்தப் புத்தகம் வேண்டும்" என்று நிற்பவரிடம் பொறுமையாகத் தேடிப் பார்த்து, "தம்பி, அப்படி ஒரு நூல் வெளிவரவே இல்லை" என்று சொல்லக்கூடியவர் பயிற்சி பெற்ற நூலகர்தான்.

தொலைந்த புத்தகமும் பூட்டிய அலமாரியும்

கல்லூரி நூலகங்களில் வேறு ஓர் அரசியல் உண்டு. எந்தப் புத்தகம் வாங்குவது என்பதை முடிவு செய்வது நூலகக் குழு. அதில் துறைத் தலைவர்களின் குரலே ஓங்கியிருக்கும். புத்தகம் காணாமல் போனால் மட்டும் பொறுப்பு நூலகர் தலையில்! ஓய்வு பெறும் நாளில் தொலைந்த நூல்களின் விலையைத் தம்மிடம் பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சி அலமாரியைப் பூட்டியே வைத்த நூலகர்கள் உண்டு. பூட்டிய அலமாரியில் புத்தகம் பத்திரமாக இருக்கும்; வாசகர் மட்டும் வரமாட்டார். நூல்கள் உபயோகத்துக்கே அன்றிக் காவலுக்கு அல்ல என்பதை 1931-லேயே தம் முதல் விதியாக வைத்தவர் ரங்கநாதன்.

இந்த அச்சத்துக்கு மத்திய அரசின் பொது நிதி விதிகளே மருந்து வைத்திருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓர் ஆண்டில் வெளியே கொடுத்த அல்லது படிக்க எடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரை தொலைவது இயல்பான இழப்பு. நாணயக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவே. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை உண்டு. படித்து முடித்து வேலைக்குப் போகும் இளைஞருக்குப் பகுப்பு எண்ணைவிட இந்த விதி எண் அதிகம் உதவக்கூடும்!

உங்கள் ரசீதில் ஆறு பைசா

பொது நூலகங்களின் அரசியல் இதைவிடப் பெரிது. அதன் பெயர் நூலக வரி.

நூலகம் தர்மத்தில் நடக்கக்கூடாது, சட்டத்தில் நடக்க வேண்டும் என்று ரங்கநாதன் வாழ்நாள் முழுவதும் வாதாடினார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதில் அவர் பங்கு பெரிது. அன்று மைசூர் என்றிருந்த கர்நாடக மாநிலம் 1965-ல் தன் சட்டத்தை இயற்றியது. இரண்டு சட்டங்களின் உயிர்நாடியும் ஒன்றே: வீட்டு வரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்து, அதை நூலகத்துக்கென்றே ஒதுக்குவது. தமிழ்நாட்டில் இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. பெங்களூரில் 6 பைசா. ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் சொத்து வரி கட்டுகிற குடும்பம், நூலகத்துக்கென்று முந்நூறு ரூபாய் சேர்த்துக் கட்டுகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சொந்த வீடுள்ள தமிழர்கள் இதை அறிந்தோ அறியாமலோ ஆண்டுதோறும் செலுத்தி வருகிறார்கள்.

வசூலிப்பது மாநகராட்சி, செலவழிக்க வேண்டியது நூலகத் துறை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். வசூலான வரி நூலகத் துறைக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை என்ற புகார் பெங்களூரில் பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. 2025 செப்டம்பரில் பெருநகர மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்தன. ஒரு கஜானாவிடம் கேட்ட பணத்தை இனி ஐந்து கஜானாக்களிடம் கேட்க வேண்டும்.

பணம் தாமதமானால் முதலில் நிற்பது புதிய புத்தகம். அடுத்து நிற்பது ஆள் நியமனம். ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாது. பக்கத்துக் கிளையின் நூலகரே இரண்டு கிளைகளைப் பார்த்துக்கொள்வார். பிறகு ஒப்பந்த ஊழியர் வருவார்; அவருக்கு இந்தப் படிப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. கட்டடம் இருக்கும், கம்ப்யூட்டரும் இருக்கும், கேட்டதற்குப் பதில் சொல்ல மட்டும் ஆள் இருக்காது.

மேல் மட்டத்திலோ பணம் வேறு வேகத்தில் ஓடுகிறது. "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்கும். நல்ல திட்டந்தான்; சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் உலகத் தரமான ஆய்வுகளைப் படிக்க முடியும். ஆனால் வார்டு நூலகத்தில் வேலைவாய்ப்புச் செய்தி தேடும் இளைஞருக்கோ, தமிழ் நாவல் தேடும் பாட்டிக்கோ இதில் பங்கில்லை. அவர்களுக்கு உள்ளது அந்த ஆறு பைசாதான்.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

இத்தனை பயிற்சி பெற்றவர்களுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்காமல் போவதில்லை. தகவலைப் பகுத்து அடுக்கத் தெரிந்தவர்களைக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆவலுடன் எடுத்துக்கொள்கின்றன. கடைச் சரக்கை வகைப்படுத்தவும், கம்பெனி ஆவணங்களைத் தேடக்கூடியபடி ஒழுங்கு செய்யவும் ரங்கநாதனின் கூறுபடுத்தும் முறை நன்றாகவே உதவுகிறது. பொது நூலகத்தில் விளம்பரமாகாத வேலைக்குக் காத்திருப்பதா, கையில் வரும் சம்பளத்தை வாங்கிக்கொள்வதா என்ற கேள்வி ஒவ்வொரு மாணவர் முன்னாலும் இறுதியாண்டில் வந்து நிற்கிறது. வீட்டில் தங்கை கல்யாணமும் கல்விக் கடனும் காத்திருக்கும்போது அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறை சொல்வதற்கில்லை.

நஷ்டம் யாருக்கு என்றால் வாசகருக்குத்தான். அவர் கட்டிய வரியில் அமர வேண்டியவர், வேறிடத்தில் துணிக்கும் செருப்புக்கும் எண் போட்டுக்கொண்டிருக்கிறார். நூலகர் வேலையைக் கம்ப்யூட்டர் பறித்துவிட்டது என்பது தவறான கணக்கு. கம்ப்யூட்டர் அவர் வேலையைக் கூட்டித்தான் இருக்கிறது. வேலையைப் பறித்தது நிரப்பாமல் விட்ட நாற்காலி.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது ரசீதில் நூலக வரிக்கான தொகை எவ்வளவு என்று பாருங்கள். பிறகு குடும்பத்தோடு உங்கள் வட்டாரக் கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். உறுப்பினராகச் சேருங்கள். தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். நூலகர் இருந்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று உங்கள் பகுதிப் பிரதிநிதியிடம் எழுதிக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கான பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்.